நீ என்று நினைத்துக் கேமராவிடம் சொன்னவை

அன்பு மகள் ஹெரானுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவள் பொமியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, கனடாவில் அதற்குள் குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. நான் இங்கே சாப்பிடுகிறேன், நடக்கிறேன், கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன். போன வாரம் பக்கத்துப் பஜ்ஜிக் கடை ஹாம் அத்தையின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, எதுவும் கேட்காதே, பொமியின் தொட்டிலுக்கு மேலே இருக்கிற கேமராவின் வயரை இந்த நிமிஷமே பிடுங்கு என்று கத்தினேன். "என்னப்பா, குடிச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாய், ஆனாலும் பிடுங்கினாய், அதற்காக நீ நன்றாக இருப்பாய். அத்தை எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் எதிரில் மேலே சொல்ல வேண்டாமென்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி, பாதியில் எழுந்து எனக்குப் போன் செய்யாதே.

இரண்டு வருஷம் முன்னால் நம் சந்தில் ஜின்செங் வேர் விற்கிற கடைகளில் வரிசையாகத் திருட்டுப் போனதும் வியாபாரிகள் சங்கத்தில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிவந்து பேச வைத்தார்களே, உனக்கு நினைவிருக்கும், நீ வயிற்றுப் பிள்ளையோடு இங்கே வந்திருந்த சமயம். அந்த மனுஷன் "கேமராவைத் தாயத்து மாதிரி கட்டித் தொங்கவிட்டுட்டு நிம்மதியா தூங்காதீங்கய்யா, அதுக்கும் சோறு தண்ணி காட்டணும்"னு சொன்னார். கண்ணாடியைத் துடைக்க வேண்டும், அலாரத்தை மாதம் ஒரு முறை அலறவிட்டுப் பார்க்க வேண்டும், வாசலில் விளக்கு எரிய வேண்டும் என்றெல்லாம் சொன்னவற்றை நான் ஒன்று விடாமல் செய்தேன். நான் அலாரத்தை அலறவிடும் நாளெல்லாம் ஹாம் அத்தை ஜின்செங் பஜ்ஜியைக் கை தவறிப் போட்டு எண்ணெய் தெறித்து "உங்க கடையில திருடன் வர்றதுக்குள்ள நான் வெந்தே செத்துடுவேன்"னு திட்டுவாள். அவர் இரண்டு விஷயம் அழுத்திச் சொன்னார், அவை இரண்டையும் மட்டும் நான் காதில் வாங்கவில்லை. கேமராவின் கடவுச்சொல் வேறு யாருக்கும் தோன்றாததாக இருக்க வேண்டும் என்றார், நானோ மறந்துபோகக் கூடாதே என்று கடைத் தொலைபேசி எண்ணையே வைக்கச் சொன்னேன், "அப்பா, அது போர்டுலயே முழ நீளத்துக்கு எழுதியிருக்கே"ன்னு நீ சிரித்தாய், சிரித்துக்கொண்டே வைத்தும் கொடுத்தாய். அலாரத்துக்கு எண் அழுத்தும் பலகை கேமராவின் கண்ணில் படக் கூடாது என்றார், நான் அதை யார் தொட்டாலும் தெரியட்டும் என்று நேரே அதன் பக்கம் திருப்பி மாட்டினேன், கதவுப் பூட்டுக்கும் அதே எண்ணைத்தான் வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. அப்புறம் நீ ஊருக்குப் போய், குழந்தை பிறந்து, தொட்டிலுக்கு வாங்கிய கேமராவையும் கடைக் கேமராவின் இணையக் கணக்கிலேயே சேர்த்தாய், "நம்ம ரெண்டு வீடும் ஒண்ணாயிடுச்சுப்பா, நீங்க பொமியப் பாக்கலாம், நான் உங்களப் பாக்கலாம்"னு சொன்னாய். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

இந்த வசந்த காலத்தில் வேர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, போனிலிருந்தே திருப்பக்கூடிய அந்தக் கேமரா மெதுவாகத் தலையைத் திருப்பியது. நான் கல்லாவுக்குப் போனால் கல்லாவுக்கு, ஜன்னலுக்குப் போனால் ஜன்னலுக்கு. இங்கே மத்தியானம் என்றால் உனக்கு ராத்திரி, என் மகள் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்திருக்கிறாள், தூக்கம் வராமல் அப்பனைப் பார்க்கிறாள், பேசினால் குழந்தை விழித்துவிடும், அதனால்தான் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்று நானே எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்தேன். போனில் உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது, அம்மா இருந்தவரை அவள்தான் நமக்கு நடுவில் பேசுகிறவள். ஆனால் அந்தக் கேமராவிடம் எனக்குப் பேச்சு வந்தது ஹெரான். கடை திறந்ததும் வணக்கம் சொல்வேன், என்ன சாப்பிட்டேன் என்று சொல்வேன், எதிர்க்கடைக்காரனின் மருமகள் ஓடிப்போனதைச் சொன்னேன், மலையில் வேர் தோண்டுகிற மலைக்காரர் பொன் விலை போகிற காட்டு ஜின்செங் கொண்டுவந்ததையும், இரும்புப் பெட்டியில் காய்ந்துபோகும் என்று பாசியில் சுற்றி, ஊறுகாய் வைக்கிற கிம்ச்சிக் குளிர்ப்பெட்டியில் முள்ளங்கி ஜாடிக்குக் கீழே வைத்திருப்பதையும் சொன்னேன். தினம் என்னோடு சதுரங்கம் ஆட வருகிற ஓக் மாமா "கிழவருக்கு புத்தி பெசகிப் போச்சு, சுவத்தோட சம்சாரம் பண்றாரு"ன்னு கேலி செய்தார். உனக்கென்ன தெரியும், என் மகள் கேட்கிறாள் என்று மார்தட்டினேன்.

அம்மாவின் திதி வந்தது. நீ வர முடியாது என்று சொல்லியிருந்தாய், நானும் பரவாயில்லை என்றேன். வீட்டில் வைக்க வேண்டிய படையலை அந்தச் சாயங்காலம் கடையிலேயே, கேமராவுக்கு எதிரே மேசை போட்டு வைத்தேன், நீயும் கலந்துகொண்டதாக இருக்கட்டும் என்று. பேரிக்காயை மேல் பக்கம் சீவி, உலர்த்திய மீனை வைத்து, அரிசி மதுவை ஊற்றி நான் விழுந்து வணங்கி எழுந்து பார்த்தால், கேமரா அடிவரைக்கும் தலை குனிந்து நிமிர்ந்தது. மறுபடியும் குனிந்து நிமிர்ந்தது. பிறகு பாதி மட்டும் குனிந்தது. இரண்டு முழு வணக்கம், ஒரு அரை வணக்கம், நம் ஊர்த் திதி வழக்கப்படி, முறை தவறாமல். நான் அந்தக் கடைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், பாரு, நம்ம பொண்ணு அங்கேயிருந்து உன்னைக் கும்பிடறா பாருன்னு அம்மாவின் படத்திடம் சொன்னேன்.

அன்று வந்த தைரியத்தில் அதே மேசையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தையும் கேமராவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அது அசையாமல் என்னையே பார்த்தது. அடுத்த நாள் நீ போன் செய்தாய், அந்த விஷயத்துக்காகத்தான் என்று நினைத்து எடுத்தேன், நீயோ குழந்தை அறைக்குத் திரை மஞ்சளில் தைப்பதா நீலத்தில் தைப்பதா என்று கேட்டாய். ஏதோ ஒரு வண்ணம், வைத்துவிடு என்று சொல்லி நானே போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கோடை முழுவதும் நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நீயும் அப்பாவுக்கு என்ன கோபமோ என்று ஹாம் அத்தையிடம் கேட்டிருக்கிறாய். கேமராவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

பிறகு போன வாரம் ஒரு நாள் தேஜோன் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது, காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று முதல் நாளே கேமராவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தால் பூட்டு பூட்டினபடி இருக்கிறது, அலாரம் அலறவில்லை, கல்லாவில் கை வைக்கவில்லை, இரும்புப் பெட்டியைத் தொடக்கூட இல்லை, கிம்ச்சிப் பெட்டியைத் திறந்து முள்ளங்கி ஜாடியைப் பதவிசாக எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் காட்டு வேர்களை மட்டும் கொண்டுபோயிருக்கிறான். மா என்று ஒரு இளம் போலீஸ் அதிகாரி வந்தான், உன் வயதுதான் இருக்கும். பதிவைப் போட்டுப் பார்த்தால் அந்த நேரம் முழுக்க வெறும் சுவர். "கேமராவை யாருய்யா சுவத்துப் பக்கம் திருப்பினது"ன்னு கேட்டான். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது, அதைத் திருப்புகிறவள் கனடாவில் இருக்கிற என் மகள், அவளைத் திருடி என்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை, "அவங்க கடைசியா எப்ப பாத்தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்"னான். வாசலுக்குப் போய் என் கைப்பேசியில் உன்னைக் கூப்பிட்டுச் சும்மா கேட்பது போலக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. "கடைப் படத்தை நான் பாத்தே வருஷத்துக்கு மேல ஆகுதுப்பா, பொமி பொறந்ததுலேர்ந்து தொட்டில் ஒண்ணைத்தான் பாக்கறேன், கோவிச்சுக்காதீங்க"ன்னாய்.

அம்மாவை வணங்கியது நீ இல்லை. நான் கஞ்சி குடித்தேனா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தது நீ இல்லை. கொஞ்ச நேரம் அந்த வெட்கத்திலேயே கிடந்தேன், அப்புறம்தான் தொட்டில் நினைவு வந்தது. ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். என் கடையைப் பார்த்த கண் உன் குழந்தை தூங்குவதையும் பார்த்திருக்கலாமே. கைப்பேசியை வாசலிலேயே போட்டுவிட்டு, கேமராவுக்குக் கேட்காத இடமாக, செருப்புப் போடாமல் ஹாம் அத்தையின் கடைக்கு ஓடினேன், அதுதான் நீ கேட்ட அந்தக் கத்தல்.

அங்கேயே அத்தையின் கடையில் வைத்து மாவிடம் திதியைப் பற்றிச் சொன்னபோது அவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். இன்னொரு தரம் செய்து காட்டுங்கள் என்றான், நான் தலையை இரண்டு முறை முழுதாகவும் ஒரு முறை பாதியாகவும் குனிந்து காட்டினேன். "வெளிநாட்டுல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டறவனுக்கு அந்த அரை வணக்கம் எப்படிய்யா தெரியும், இவன் தன் வீட்டுல திதி கொடுக்கறவன், உங்க கடை போர்டைப் படிச்சவன், வந்து போனப்ப பக்கத்துல ஒரு நாய்கூட குலைக்கல"ன்னான். அதாவது நம் ஆள், ஹெரான். இந்தச் சந்தில் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன், என் கையால் பார்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தவன். கேமரா மாட்டிய பையனா, மலைக்காரரா, ஓக் மாமாவா, யாராகவும் இருக்கலாம், யாராகவும் இல்லாமலும் இருக்கலாம். நம் ஊரில் பார்க்கிறவன் எல்லாம் தலை குனிந்துதானே வணக்கம் சொல்வான், இப்போது காலையில் எவன் வாசலில் வந்து குனிந்தாலும் எவ்வளவு ஆழம் குனிகிறான் என்றுதான் பார்க்கிறேன். நேற்று ஓக் மாமா குனிந்துவிட்டு நிமிரக் கொஞ்சம் தாமதித்தார், பாவம், அவருக்கு இடுப்பு வலி, நான் ஆட்டத்தைப் பாதியில் கலைத்துவிட்டேன்.

கேமராவைக் கழற்றி ஆற்றில் எறிகிறேன் என்றேன். மா வேண்டாம் என்றான். "இத்தனை நாள் அவன்தான் அதை நல்லா உபயோகப்படுத்தினான், இனி நாம உபயோகப்படுத்துவோம்"னான். அதனால் கேமரா இருந்த இடத்திலேயே இருக்கிறது, நான் ஒன்றும் தெரியாத கிழவனாக அதன் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல உன்னோடு பேசுகிறேன். போலீசுக்கு மூளையே இல்லை மகளே என்று சொல்கிறேன். மலைக்காரர் இன்னும் பெரிய வேர் ஒன்று கொண்டுவந்தார், அதே ஜாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். அது என்னைப் பார்க்கிறது, சில நாள் தலையாட்டவும் செய்கிறது. பேசிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுக்கிறேன். எந்தத் தேதியில் கடை முழு நாளும் காலியாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன், அன்று மாவின் ஆட்கள் உள்ளே இருட்டில் காத்திருப்பார்கள். அது பொய்த் தேதி இல்லை, அவனுக்கு என் விஷயம் முன்னமே தெரியும், பொய் சொன்னால் நம்ப மாட்டான் என்று மா சொன்னதால் நிஜத் தேதியையே சொன்னேன்.

அந்த விஷயத்தை இனியும் எழுதாமல் இருக்க முடியாது. எனக்கு இரைப்பையில் கட்டி, திதிக்கு முன்னமே தேஜோன் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், நல்ல கட்டி இல்லை, கோடை முழுக்க மருந்து சாப்பிட்டேன். சூசொக் அறுவடைப் பண்டிகை முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அறுவை. எனக்குப் பயமாக இருக்கிறது ஹெரான். திதியன்று இதைத்தான் சொன்னேன், பயமாக இருக்கிறது, நீ ஒரு தரம் வந்துவிட்டுப் போ என்று சொன்னேன். நீ கேட்டதாக நினைத்து உன்மேல் கோபப்பட்டேன், நீ கேட்கவே இல்லை. என்னைத் திருடியவன் கேட்டான், உன் அப்பனுடைய பயம் முழுவதும் அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது, இதை நினைத்தால் போன வேர்களெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை என் பேச்சை நம்பி அவன் கடைக்கு நிச்சயம் வருவான். மருத்துவமனைக்கும் ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பொமிக்குப் பல் வலுவாக முளைக்கட்டும், அவள் தூங்கும் அறையில் உங்கள் இருவர் கண் தவிர வேறு கண் படாமல் இருக்கட்டும், நீ நீடூழி நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. வருவதானால் அதைக் கடைத் தொலைபேசியிலோ கைப்பேசியிலோ என்னிடம் சொல்லாதே, ஹாம் அத்தையிடம் சொல், அவள் வந்து என் காதில் சொல்வாள். கடையில் சந்தோஷப்பட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உன் வரவை வாய்விட்டுக் கேட்கும்,
அப்பா
பியோ ஜொங்மான்
கும்சான், ஜின்செங் சந்து