நெரிசலில் கூப்பிடாதீர்கள்

மார்ச் 4

அன்புள்ள தீவுக்காரருக்கு,

நீங்கள் கலங்கரை விளக்கத்தில் காற்றோடு மல்லுக்கட்டுகிறீர்கள், நான் தையல் கடையில் ஜாக்கெட் அளவோடு. நலம்தான். நாம் பேசிக்கொள்ள நீங்கள் எனக்குச் செய்து கொடுத்த ஹாம் ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டேன். கோபம் வேண்டாம். அத்தனை குமிழ், எறும்பு எழுத்து, எதைத் திருகினால் எது ஊமையாகும் என்றே பிடிபடவில்லை. புதிதாக ஒன்று வாங்கினேன். பெரிய திரை, தொட்டால் போதும், மேசைக்கே அழகு. ஞாயிறு காலை வழக்கமான அலைவரிசையில் கூப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 19

வாயாடிக்கு அன்புடன்,

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? பக்கத்து அலைவரிசையிலேயே பெரிய நிலையங்கள் முழங்கும்போது அந்த மினுக்குப் பெட்டிக்குக் காது அடைத்துவிடும். நான் செய்தது பார்க்கக் கரடுமுரடுதான். ஆனால் அந்த இரைச்சலிலும் முணுமுணுப்பைப் பிரித்துக் கொடுக்கும். ரேடியோவில் பேசும் நம் நண்பர்களெல்லாம், "இந்த நெரிசல்லயும் உன் வீட்டுக்காரம்மாவுக்கு எப்படிய்யா கேக்குது?" என்று வாயைப் பிளப்பார்களே, சும்மாவா? பரணிலிருந்து அதை இறக்கு.

உன் தீவுக்காரன்

மார்ச் 30

தீவுக்காரருக்கு,

இறக்க மாட்டேன். ஒதுக்குப்புறமான அலைவரிசையில் என் பெட்டிக்குக் காது நன்றாகவே கேட்கிறது. உங்கள் பெட்டி ஜெயிக்கத்தான் நெரிசல் வேண்டும். எனக்கு நீங்கள்தான் வேண்டும். இத்தனை நாள் நாம் என்ன பேசினோம்? "எப்படிக் கேக்குது?" "அருமையா கேக்குது." அதற்குள் நண்பர்கள் புகுந்துவிடுவார்கள். அவர்கள் முன்னால் நான் எதைச் சொல்வது? எழுதவும் மனம் வரவில்லை. எனக்கு வருத்தம்தான்.

ஞாயிறன்று உறையின் உள்பக்கம் எழுதியிருக்கும் அலைவரிசையில் இருப்பேன். அங்கே ஈ காக்கை கிடையாது. வந்தால் பேசலாம். வராவிட்டால் பெட்டியை விற்றுவிட்டு இன்னொரு தையல் மெஷின் வாங்கிக்கொள்கிறேன்.

வாயாடி

ஏப்ரல் 8

என் வாயாடிக்கு,

ஞாயிறன்று நான் உன் அலைவரிசைக்கு வந்துவிட, நண்பர்கள் வழக்கமான இடத்தில் என்னைத் தேடினார்களாம். தேடட்டும்.

அங்கே நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உனக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோர்க்க அடுத்த வீட்டுப் பெண் வருகிறாள். என் பெட்டியின் எழுத்து உனக்குத் தெரியவே இல்லை. இதெல்லாம் தெரியாமல் நான் மினுக்குப் பெட்டி என்று எழுதினேன்! என் பெட்டிக்குக் காது கூர்மை, எனக்குத்தான் இல்லை.

ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டதாகவும் தனியாகவே போய்வருவதாகவும் எவ்வளவு தைரியமாகச் சொன்னாய். தனியாகப் போகாதே. விடுப்பு கிடைத்துவிட்டது. இந்தக் கடிதம் வரும் படகிலேயே நானும் வருகிறேன். கதவைத் திறந்து வை.

உன்னவன்