அடுத்த அமர்வுக்கு

வாஷிங்டன்
ஜனவரி 6, 1977

அன்புள்ள லோயிஸ்,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இங்கே கடுங்குளிர். ஆறு உறைந்து கிடக்கிறது. புதிய அதிபர் பதவியேற்க மரப்படிகள் அடிக்கிறார்கள். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். என் அறையில் வெந்நீர் காலை ஏழு மணி வரைதான்.

அக்டோபரில் நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதங்கள் கிடைத்தன. அப்போதே எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் உன் வழக்கறிஞர் பென்சிலால் குறி வைத்திருக்கிறார். அலுவலக மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன.

இந்தக் கடிதம் கராபெதைப் பற்றியது.

அவர் மகள் சோனா நீ வேலை பார்க்கும் நீதிமன்றத்துக்கே வந்து உன்னிடம் அழுதாள் என்று உன் அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்கு, நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறதாம். பிப்ரவரி பதினைந்து, ஒரே ஒரு பெட்டி, பெய்ரூட். விசாரித்தேன். உண்மைதான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு பெய்ரூட்டில் வீடுகள் நிற்கின்றனவா என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை.

உனக்கு இதன் பின்கதை தெரியாது. கராபெத் டெர்ஸியான் இருபது வருடங்களுக்கு முன் சரக்குக் கப்பல் சமையற்காரராக கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார். திரும்ப ஏறவில்லை. நம் ஊர்த் தீவன ஆலையில் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1967-இல் பிடிபட்டார். அப்போதிலிருந்து ஒவ்வொரு புதிய காங்கிரசிலும் செனட்டர் ஸ்ட்ராண்ட் அவருக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். ஒரே வாக்கியம்: கராபெத் டெர்ஸியான் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றவராகக் கருதப்படுவார்.

ஐந்து முறை கொண்டுவந்தார். ஒரு முறையும் நிறைவேறவில்லை. நிறைவேற வேண்டிய அவசியமும் இல்லை. மசோதா துணைக்குழுவில் கிடக்கும். குழு, குடியேற்ற அலுவலகத்திடம் ஓர் அறிக்கை கேட்கும். அந்த அறிக்கை நிலுவையில் இருக்கும் வரை அலுவலகம் ஆளைத் தொடாது. அது வழக்கம். இரு அவைகளும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால்தான் சட்டம் என்கிறது அரசியலமைப்பு. ஆனால் யாரும் வாக்களிக்காத ஒரு வாக்கியம் ஒரு மனிதரைப் பத்து வருடம் நம் ஊரில் வைத்திருந்தது.

காங்கிரசின் இரண்டு வருடக் காலம் முடிந்தால் மசோதாவும் செத்துப்போகும். இந்த வாரம் செத்தது. ஸ்ட்ராண்ட் ஓய்வுபெற்று மீன் பிடிக்கப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போது உன் பழைய நீதிபதி ரீம்ஸ். மேசை, விளக்கு, தொப்பி மாட்டும் கொம்பு இவற்றோடு, உதவியாளனான நானும் அவருக்கு வந்து சேர்ந்தேன்.

கராபெதின் கோப்பு முழுவதையும் முதல் நாளே படித்துவிட்டார். அரசியலமைப்பின் சிறு பதிப்பு ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில். "பத்து வருஷமா ஒரு மனுஷனைக் கடை வாசல்ல நிக்கவெச்ச மாதிரி நிக்கவெச்சிருக்கீங்க. உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லை. சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?" என்றார். மசோதாவை மறுபடி கொண்டுவருவாராம். உடனே வாக்கெடுப்பும் கேட்பாராம். இருபத்தெட்டாம் தேதி துணைக்குழு கூடுகிறது.

கப்பலிலிருந்து இறங்கிப் போனவர்களுக்கு அந்தக் குழு ஒருபோதும் சம்மதித்ததில்லை, வாக்கெடுப்பு நடந்தால் தோற்கும், தோற்ற மறுநாள் கராபெதின் கதவைத் தட்டுவார்கள் என்று சொன்னேன். "அப்ப, வோட்டுக்கு விடாம தூங்கவிடணும்னு எங்க எழுதியிருக்கு? காட்டுப்பா" என்றார்.

காட்ட எதுவும் இல்லை.

கெட்ட மனிதரல்ல, லோயிஸ். அதுதான் சிக்கல்.

கீழே உணவகத்தில் திருமதி ப்ரூயிட்டைப் பார்த்தேன். துணைக்குழுவின் எழுத்தர். பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். இங்கே தினமும் பீன்ஸ் சூப் உண்டு. யார் தொடங்கியது என்று யாருக்கும் நிச்சயமில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. "ஏம்ப்பா, உங்க ஜட்ஜய்யா தூங்குற பிள்ளையத் தட்டி எழுப்பி, நீ உசிரோட இருக்கியான்னு கேக்கப் போறாராமே?" என்றார். நான் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டடத்துல பாதி வேலை எழுதிவைக்காததாலதான் நடக்குது. எழுதிப் பாரு, அன்னைக்கே ஒருத்தன் எந்திரிச்சு எதிர்ப்பான்" என்றார். பிறகு சூப்புக்கு உப்புப் போதவில்லை என்றார்.

சோனாவுக்கு இப்போது பதினேழு. இங்கே பிறந்தவள், இருபத்தொன்று ஆனால் அப்பாவுக்காக அவளே மனுப் போடலாம். நான்கு வருடம் ஒரு காகிதம் தூங்கினால் போதும்.

நீ ரீம்ஸின் பதிவறையில் ஆறு வருடம் இருந்தாய். எனக்கு அவரைத் தெரியாது. அவரிடம் எப்படிப் பேசுவது என்று எழுது. மற்றதைப் பற்றி எழுத வேண்டாம்.

எல்டன்


ஜனவரி 22, 1977

அன்புள்ள லோயிஸ்,

உன் உறை புதன்கிழமை வந்தது. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நகலெடுத்த மூன்று தாள்கள் மட்டும். ஓரத்தில் உன் முத்திரை.

அறையில் உட்கார்ந்து படித்தேன். ஹால்வர் லிண்ட்குவிஸ்டுக்குப் புத்தி பிசகிவிட்டது, பண்ணையிலிருந்து மாநில மனநல விடுதிக்கு அனுப்ப வேண்டும் என்று மகன்கள் இருவர் போட்ட மனு. அதன் கீழே ரீம்ஸின் கையெழுத்தில், வசந்த அமர்வு, இலையுதிர் அமர்வு, வசந்தம், இலையுதிர், பதினொரு வருடம், இருபத்திரண்டு வரிகள். எல்லாம் ஒரே வரி: அடுத்த அமர்வுக்கு. இருபத்து மூன்றாவது மட்டும் வேறு: லிண்ட்குவிஸ்ட் தம் வீட்டில் இறந்தார், மனு முடிந்தது.

நேற்று அந்தத் தாள்களை அவர் மேசையில் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். யார் அனுப்பியது என்று கேட்டார். சொன்னேன். "லோயிஸா? கடைசிப் பன்னெண்டு தடவை அந்தப் பொண்ணுதான் தேதி குத்தினா. ஒரு தடவைகூட ஏன்னு கேக்கல. இப்பக் கேக்கறா பாரு" என்றார்.

பிறகு, என்னிடம் சொல்வதுபோல இல்லை, ஜன்னலிடம் சொல்வதுபோல: "கிழவன் மாடுகளோட பேசுவான். பேசினா என்ன? மாடு ஒண்ணும் எங்கிட்ட வந்து புகார் குடுக்கலையே. தீர்ப்பு எழுதியிருந்தா அவனை அனுப்பித்தான் ஆகணும். சட்டம் பசங்க பக்கம்."

அப்படித் தள்ளிவைக்கலாம் என்று எங்கே எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அந்தச் சிறு புத்தகத்தை வெளியே எடுத்தார், திறக்காமல் தாள்களின் மேல் வைத்தார்.

"தள்ளிப்போடறது பாவமில்ல. யாருக்காகத் தள்ளிப்போடறேன்னு கேட்டா ஒரு பேரு சொல்லத் தெரியணும். நம்ம பேரு வரக்கூடாது. இதுல உனக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "அந்த ஆளுக்கு வோட்டே கிடையாது. எனக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

துணைக்குழுத் தலைவருக்கு நான் தயாராக வைத்திருந்த கடிதத்தில் கடைசிப் பத்தியை, வாக்கெடுப்புக் கோரும் பத்தியை, பேனாவால் அடித்தார். மீதியைத் தட்டச்சு செய்துகொண்டு வரச் சொன்னார். அறிக்கை மட்டும் கேட்கும் கடிதம். கையெழுத்திடும்போது முணுமுணுத்தார்: "அந்தப் பொண்ணுக்கு இருபத்தொண்ணு ஆன மறுநாள் இதை நானே வாபஸ் வாங்குவேன். எழுதி வெச்சுக்கோ." உடனே, "வேணாம், எழுதாதே" என்றார்.

இருபத்தெட்டு வரை யாரிடமும் சொல்ல வேண்டாம். சோனாவிடம்கூட.

எல்டன்


பிப்ரவரி 4, 1977

அன்புள்ள லோயிஸ்,

நடந்துவிட்டது. துணைக்குழு கூடிக் கலைய ஒன்பது நிமிடம். கராபெதின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்காததால்தான் இருக்கப்போகிறார். மறுநாள் அறிக்கை கேட்டுக் கடிதம் போனது. இன்று காலை குடியேற்ற அலுவலகத்திலிருந்து பதில்: தங்கள் கடிதம் கிடைத்தது. அந்த ஒரு வரியால் பிப்ரவரி பதினைந்து இல்லாமல் போகிறது.

கராபெதிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல். செனட்டருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டாம் என்றும் சொல், யாராவது படித்துவிடுவார்கள். உலர்ந்த பாதாமிப் பழம் அனுப்பினால் தின்றுவிடுகிறோம். சோனாவிடம் இது வெற்றி அல்ல என்று சொல். இரண்டு வருடம். 1979 ஜனவரியில் மறுபடி எல்லாம். என் மேசைக்கு வரப்போகிறவருக்காக எழுதிவைக்கலாமா என்று யோசித்தேன். திருமதி ப்ரூயிட் நினைவுக்கு வந்தார். எழுதவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். நான் மறந்தால் நீ ஞாபகப்படுத்து.

இரண்டாவது இழுப்பறை.

ரீம்ஸின் கேள்வி என்னோடு அறைக்கு வந்துவிட்டது. நான்கு மாதமாக உன் காகிதங்களைத் தூங்கவிட்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டுக்கொண்டேன். லிண்ட்குவிஸ்டுக்காக அவர் தள்ளிவைத்தார். கராபெதுக்காக நாங்கள். என் இழுப்பறைக்கு வந்தபோது உன் பெயரைச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. என் பெயர்தான் வந்தது. நீ பாதிச் சம்பளத்தோடும் முழுக் கேள்வியோடும் அக்காவின் மாடியில் இருந்தாய். நான் இங்கே மேசையைப் பூட்டிக்கொண்டு, எதுவும் முடிவாகவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காகிதங்களை இத்துடன் அனுப்புகிறேன். பென்சில் குறி இருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டிருக்கிறேன். தேதியும் போட்டிருக்கிறேன்.

நீ கையெழுத்திட வேண்டிய இடங்கள் காலியாக இருக்கின்றன. இது வந்து சேர வேண்டிய பதிவறை உன்னுடையது. முத்திரையும் உன் கையில். வசந்த அமர்வு மார்ச்சில். அதற்குப் பிறகு இலையுதிர் அமர்வு ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியாததல்ல.

நீ நன்றாக இருக்க வேண்டும், லோயிஸ். அவசரம் ஒன்றும் இல்லை.

எல்டன்