எட்டு நாற்பது வண்டி

மார்ச் 3, திங்கள்
இன்று முதல் எனக்கும் உத்தியோகம். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை முதல் மாடி ஜன்னலில் உட்கார வேண்டும். கீழே ரோட்டைக் கடக்க ஆள் இறங்கியும் நிற்காமல் போகிற வண்டிக்கு ஒரு கோடு, பக்கத்தில் மணி. ஓட்டுகிறவர் கையில் போன் இருந்தால் ஒரு டிக். ஜனங்கள் ஏன் இப்படி ஓட்டுகிறார்கள் என்று பேத்தி ஆராய்ச்சி செய்கிறாள். எதிர்மாடித் தையல்காரரும் தனியாகக் கோடு போடுகிறார். இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் கணக்குச் செல்லுமாம்.

“நான் படிச்ச அஞ்சாம் கிளாஸ் இதுக்குப் போதுமாடி?”

“கண்ணு போதும் பாட்டி.”

மார்ச் 4, செவ்வாய்
இன்று முப்பத்தொரு கோடு. இந்த வயதில் என்னையும் நம்பி ஒரு பேனா கொடுத்தாளே. பெருமைதான், எதற்கு மறைக்க?

மார்ச் 5, புதன்
வெளியூர் போயிருந்த மகன் இன்றுதான் வேலைக்குக் கிளம்பினான். எட்டு நாற்பது. அவன் வண்டி. காதில் போன். கைத்தடி ஊன்றிய ஒரு அம்மா பாதி ரோட்டில். நிற்கவில்லை. அந்த அம்மா ஓர் எட்டு பின்னால் வைத்ததால் பிழைத்தார்.

நான் கோடு போடவில்லை.

மார்ச் 7, வெள்ளி
நேற்றும், இன்றும் அவன் நிற்கவில்லை; நானும் கோடு போடவில்லை. ஒரு கோடுதானே — ஒரு கோடுதானா?

மார்ச் 10, திங்கள்
பேத்தி இரண்டு தாளையும் பரப்பினாள். மூன்று நாளும் எட்டு நாற்பதுக்குத் தையல்காரர் தாளில் ஒரு கோடு கூடுதல்.

“அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு போல. நிறுத்திக்கச் சொல்லிடலாம்னு பாக்கறேன்.”

முப்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த கண். குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

“அவரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் மூடிக்கிச்சு. அது உங்கப்பாடி.”

அவள் திட்டவில்லை. வெறுமையாக இருந்த மூன்று இடத்திலும் ‘விடுபட்டது’ என்று எழுதினாள்.

“இதுல யார் பேரும் வராது பாட்டி. ஆனா அப்பாகிட்ட நீதான் சொல்லணும்.”

மார்ச் 11, செவ்வாய்
சொன்னேன். முதலில் சிரித்தான்.

“பெத்த பிள்ளையையே காட்டிக் குடுக்கறியாம்மா?”

“மூணு நாளா மறைச்சேன்டா. அதான் தப்பு.”

கைத்தடி அம்மாவைப் பற்றிச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

“யாரு? நான் பாக்கவே இல்லியே.”

பொய் சொல்கிறவன் இல்லை. பார்க்கவே இல்லை. அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

மார்ச் 12, புதன்
மகனுக்கு இன்று விடுமுறை. தலையணை உறை தைக்கிற சாக்கில் தையல்காரரிடம் போனேன். நன்றி என்றேன்.

“இன்னும் தைக்கவே இல்லியேம்மா, எதுக்கு?”

“உங்க கண்ணுக்கு.”

கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் விட்ட கோட்டை அவர் போடாமல் இருந்திருந்தால், நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி
எட்டு நாற்பது. மகனின் வண்டி நின்றது. கைத்தடி அம்மா ஆடி அசைந்து போகிறார். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. அவன் அசையவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் தெரிந்தன. நின்ற வண்டியைக் குறிக்கத் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பேத்தி கூட்டிப் பார்த்தாள். என் தாளில் இருபத்தாறு. அவர் தாளிலும் இருபத்தாறு.