மர நாற்காலியில் பதினான்கு மணி நேரம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுகிறேன். என் காதில் போட்ட தையல் ஆறிவருகிறது, அம்மாவின் முழங்கால் வழக்கம்போல் முணுமுணுக்கிறது, மற்றபடி இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு நீ கூப்பிட்டதும், காது ஆறும்வரை விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் என்னைத் தடுத்துவிட்டதால், "தனியா வர என்னால முடியாதும்மா" என்று அம்மா சொன்னதும், நீ "பரவாயில்லம்மா" என்று போனை வைத்ததும் உனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது. அன்று முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் ஒரு துணியும் தைக்கவில்லை. சாயங்காலம் வந்து, "அங்க எவ்வளவு தூரங்க?" என்றாள். பதின்மூவாயிரம் கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் பதினான்கு மணி நேரம் என்றேன். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் இல்லையா, என் வண்டியில் போனால் டீக்குக்கூட நிறுத்தாமல் பத்து நாளுக்கு மேல் ஆகும், நடுவில் கடல் வேறு என்று என் கணக்கையும் அவிழ்த்துவிட்டேன். அவள் காதில் விழுந்தது பதினான்கு மட்டும்தான். "பறக்கறது பயமில்ல, கையும் காலும் சும்மா வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் உக்காரணுமே" என்றாள். காய்ச்சலிலும் மெஷினை மிதித்தவள் ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூடத்தில் மர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, முட்டி இடிக்கிற மாதிரி முன்னால் இன்னொன்றை நிறுத்தி, இடுப்பில் என் பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் கிளம்பிட்டேன்" என்றாள். ஒரு மணி நேரம் தாண்டாது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். தட்டில் சாப்பாடு கொண்டுபோய் நீட்டுவது என் வேலை. எழுந்தால் பாத்ரூம், திரும்பி வந்தால் பெல்ட். மதியம் பக்கத்து வீட்டு டீச்சர் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தார். "நான் இப்ப நடுக்கடலுக்கு மேல இருக்கேன் டீச்சர், இறங்கினதும் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! அப்புறம் கால் வீங்கி முகம் சுருங்கிவிட்டது. போதும், இறங்கிடு என்றேன். "நடுவுல எப்படிங்க இறங்கறது?" என்றாள். நானும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அவளை நான் இப்படிப் பார்த்ததில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

ராத்திரி எட்டு மணி அடித்ததும் பெல்ட்டை அவிழ்த்து, சுவரைப் பிடித்து எழுந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே நம் தெருதான் இருந்தது. கதவைப் பிடித்தபடி அழுதாள். "இவ்வளவு தூரம் வந்தேனே, பொண்ணு நிக்கலையே" என்றாள்.

மாப்பிள்ளையிடம் டிக்கெட் போடச் சொல், அம்மா வருகிறாள். திரும்பும்போது எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் கூடுமாம், கூடட்டும், எனக்கு அவசரமில்லை. வேளைக்குச் சாப்பிடு, படிகளில் நிதானமாக இறங்கு. தாயும் சேயும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: வயிறு எவ்வளவு கனத்தாலும் சரி, ஏர்போர்ட்டில் அம்மா வெளியே வருகிற கதவுக்கு நேராக நீ நிற்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா