சொம்பு சொன்ன பொய்

அக்கா,

இன்று காலை எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை. எங்கள் தெருவில் ஒரு வாரமாகக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று என் மனைவி பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீரில் குக்கர் வைத்தாள். விசில் மேல் விசில் போனதுதான் மிச்சம். மூடியைத் திறந்ததும் பாதி வெந்த துவரம்பருப்பின் பச்சை வாடை வந்தது. "இந்தத் தண்ணியில மனுசன் சமைப்பானா?" என்று அவள் அலுத்துக்கொண்டாள். அந்த வாடையை முதன்முதலில் உங்கள் சமையலறையில்தான் முகர்ந்தேன்.

அன்று உங்கள் ஊருக்கு நான் வந்தது ஒரு சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டராக. பனியன் துணிக்குச் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுவோம். அந்த உப்பு பல வருடம் ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து உங்கள் ஊர்க் கிணறுகளில் இறங்கியிருந்தது. இனி ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று ஆகி, சுத்திகரிப்பு ஆலை கட்டி, பட்டறைக்காரர்களும் விவசாயிகளும் கல்லூரிக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்த சமயம் அது. கிணறு கிணறாக உப்பை அளக்க ஆள் வேண்டும் என்றார்கள். முதலாளி என்னைக் கை காட்டினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் நாலு பேர் வண்டியை மறித்தார்கள். நீங்கள்தான் அவர்களை விலக்கிவிட்டு, "வந்தவியளுக்கு மொதல்ல சோறு போடோணும், பொறவு சண்டை போட்டுக்கலாம்" என்று என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனீர்கள். தட்டில் சோறு, மேலே பருப்பு. பல்லில் கரகரவென்று பட்டது. நான் மென்று விழுங்கத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நல்லாச் சாப்புடுங்க தம்பி. உப்பு நாங்க தனியாப் போடலீங்க. அல்லாம் உங்க கம்பெனி உப்புதான்."

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன முதலாளியா, சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தானே என்றேன். நீங்கள் அசரவில்லை. "உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கோணும்பாங்க. தின்னது நீங்க, குடிக்கறது நாங்களா?" என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றினீர்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

மாதம் ஒருநாள் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்று நான் அச்சடித்து ஒட்டிய தாளை ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. மூன்று மாதம் உப்பு அளக்கிற மீட்டரை வைத்துக்கொண்டு தனியாக ஈ ஓட்டினேன். "தேதி கீதியெல்லாம் யாருக்குங்க நெனப்பிருக்கும்? அமாவாசைன்னு சொல்லுங்க. அன்னிக்கு மாட்டப் பூட்ட மாட்டாங்க, ஆளுக ஊட்டுல இருப்பாங்க" என்றீர்கள். இடத்தையும் நீங்களே சொன்னீர்கள், பால் சொசைட்டி. பாலில் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் அளக்கிற இடத்திலேயே தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றும் அளந்துவிடலாமே என்று சிரித்தீர்கள். அடுத்த அமாவாசைக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பேனா மாதிரியான அந்த மீட்டரைச் சொம்பில் விட்டு எடுப்பதைக் குழந்தைகள்கூட வேடிக்கை பார்த்தன.

அதுவரை எல்லாம் சரி. அதற்குமேல் ஒரு காரியம் செய்தேன், அது என் சொந்தப் புத்தி. பாலுக்குச் செய்கிற மாதிரியே ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்து, வீட்டுப் பெயருக்கு நேரே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நாலு பேர் பார்த்தால் அக்கறை வரும் என்று நினைத்தேன். நினைத்தபடியே நடக்கிற மாதிரிதான் இருந்தது. ஐந்தாறு அமாவாசையில் எண்கள் மளமளவென்று இறங்கின. ஓடையின் கடைக்கோடியில் இருக்கிற உங்கள் கிணறுகூட இனித்துவிட்டது. குழுக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். முதலாளி என் தோளில் தட்டினார். அந்த வருடம் குழுவால் ஒரு குட்டையைத்தான் தூர்வார முடியும். மழைத்தண்ணீர் நின்று ஊறி எந்தப் பக்கத்துக் கிணறுகளின் உப்பைத் தணிக்க வேண்டும் என்று என் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் பக்கம்தான் நன்றாகிவிட்டதே என்று மேற்குப் பக்கத்துக் குட்டைக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தது.

அந்த வாரமே பஸ் ஏறி பட்டறைக்கு வந்துவிட்டீர்கள். வாசலில் நின்றுகொண்டு கேட்டீர்கள்: "ஏனுங்க மாஸ்டர், மழையே பேயலியே, கெணறு எப்பிடி இனிச்சுது?" எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. "மீட்டர் பொய் சொல்லாதுங்க அக்கா" என்றேன்.

"மீட்டரு சொல்லாதுங்க. சொம்பு சொல்லும்."

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னீர்கள். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. குடம் சுமக்கணும், முடி கொட்டும், மாடு குடிக்காது என்று பெண்ணைப் பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரில் முப்பது தாண்டியும் கல்யாணமாகாத பையன்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். பலகையில் பெயரோடு எண் ஏறியதும், பெண் தேடுகிற வீட்டில் எல்லாம் சொம்பில் பஞ்சாயத்துப் பைப்பில் எப்போதாவது வருகிற நல்ல தண்ணீர் ஏறிவிட்டது. எவர் வீட்டில் என்ன ஊற்றுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவரவர் பையனுக்காக ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரே சேர்ந்து ஊமையாக இருந்திருக்கிறது, நான் ஒருவன்தான் குதித்துக்கொண்டிருந்தேன். "நானும் அதேதானுங்க பண்ணேன். என்ற பையனுக்குக் குன்னத்தூருல பொண்ணு பாத்திருக்கறோம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்கள் தலை குனிந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் உடனே எண்களை ரத்து செய்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். "நீங்க ரத்து பண்ணுனா கம்பெனிக்காரன் சூதுன்னு சொல்லுவாங்க. எங்காளு ஒருத்தரு மொதல்ல சொல்லோணும்."

அடுத்த அமாவாசைக்கு, நல்ல நாள் என்று குன்னத்தூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா பால் சொசைட்டியில் கூட்டத்தைப் பார்த்து, என்ன விசேஷம் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னாலேயே நீங்கள் சொம்பை நீட்டினீர்கள். நான் மீட்டரை விட்டேன். போன மாத எண்ணைப் போல எட்டு மடங்கு காட்டியது. எண்ணை உங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன் அக்கா. "சத்தமாப் படிங்க மாஸ்டர், பலகையில எழுதுங்க" என்றீர்கள். எழுதினேன். நீங்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "போன மாசம் நான் கொண்டாந்தது பைப்புத் தண்ணிங்க. எங்கூட்டுக் கெணறு இதுதானுங்க" என்றீர்கள். உங்கள் மகன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. "நாங்க கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அந்த வார்த்தைக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் சொம்பில் இருந்ததை மண்ணில் கொட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பொழுது உச்சிக்கு வருவதற்குள் வரிசை திரும்பவும் நின்றது, இந்த முறை கிணற்றுத் தண்ணீரோடு. நான் எழுதி முடித்தபோது பலகை பழையபடி பயங்கரமாக இருந்தது, நிஜமாகவும் இருந்தது.

அந்த வருடம் உங்கள் பக்கத்துக் குட்டையைத்தான் தூர்வாரினோம். பட்டறைக்காரர்கள் பொக்லைன் அனுப்பினார்கள், ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டு வந்தார்கள், கல்லூரிக்காரர்கள் மழைத்தண்ணீரை எங்கே மறிக்க வேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. அப்புறம் பெய்தது. எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக, நம்பும்படியான வேகத்தில் இறங்கின. என்னை வேறு ஊர்களுக்கும் கூப்பிட்டார்கள். பொங்கலூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் எல்லோரும் கை தட்டியபோது, இது என் வேலை இல்லீங்க, ஒரு அக்கா தன் மகன் கல்யாணத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய எண்ணுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

உங்கள் மகன் இரண்டு வருடம் உங்களோடு சரியாகப் பேசவில்லை. "ஊருக்கு நல்லவிய ஆயிட்டீங்க. எனக்கு?" என்று கேட்டானாம். அதைச் சொன்னபோது நீங்கள் அழுதீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் வேலை செய்த கம்பெனியிலேயே டெய்லராக இருந்த ராமநாதபுரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கிணற்றைக் காட்டி நீங்கள் முதலிலேயே எச்சரித்தபோது அவள் சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள்: "எங்க ஊர்ல கடலே பக்கத்துல அத்தே. இதெல்லாம் ஒரு உப்பா?"

போன ஆடியில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பிறகு குழுவில் உங்கள் ஊருக்காக இப்போது அந்த மருமகள்தான் உட்காருகிறாள். போன மாதம் நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் பட்டறையிலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்குச் சாயக் கழிவு போகிற குழாயில் விரிசல். ஓடையோரத்தில் எத்தனை நாளாகக் கசிந்ததோ தெரியாது. நான்தான் கண்டுபிடித்தேன். அன்றே ஒட்டியாகிவிட்டது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒட்டியாச்சுல்ல மாஸ்டர், கூட்டத்துல எதுக்குங்க? பட்டறையச் சீல் வெச்சா எரநூறு குடும்பம் நடுத்தெருவுல. உங்க குடும்பமும்தான்." அவர் கெட்டவர் இல்லை அக்கா. அவர் சொன்னதும் பொய் இல்லை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், வேலை போனால் என்ன ஆகும் என்று நானும் கணக்குப் போட்டேன். அவரவர் பிள்ளைக்காகப் பொய் ஊற்றியவர்களை அன்றைக்கு எவ்வளவு லேசாக ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் எழுந்தேன். நீங்கள் அன்று சொன்னபடி அவரவர் ஆள் ஒருவர் முதலில் சொல்ல வேண்டும் என்றால், பட்டறைப் பக்கத்தில் அது நான்தான். குழாய் உடைந்ததையும், எங்கே கசிந்தது என்பதையும், எத்தனை நாள் என்று தெரியாது என்பதையும் சொன்னேன். முதலாளி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். உங்கள் மருமகள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"எந்தக் கெணத்துல இருந்து பாக்க ஆரம்பிக்கலாம், அண்ணே?"

அவ்வளவுதான் கேட்டாள். நிலத்தின் வாட்டத்தில் கசிவு எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

"உங்க கெணத்துல இருந்தும்மா" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு, "நாளைக்குக் காலையில வாங்கண்ணே, நான் தண்ணி எறச்சு வைக்கேன்" என்றாள். போனேன். என் வேலை இருக்குமா போகுமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலுக்குத் தலை நிமிர்ந்து போய் வந்தேன், அக்கா.