ஒரு தாள் புரண்ட சத்தம்

அன்புள்ள சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அது தனிக்கட்சி, அதன் சுகத்தை அதனிடம்தான் கேட்க வேண்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை.

நீ அனுப்பிய சிடி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உறையில், பியானோவுக்குப் பாட்டி மாதிரியான அந்த ஹார்ப்சிகார்ட்டை வாசித்த அம்மையார் பெயர் பெரிதாக இருக்கிறது, கூட வாசித்த பதினோரு பேர் பெயர் பொடியாக இருக்கிறது, ஒலிப்பதிவு செய்தவர், படம் எடுத்தவர், அந்த அம்மையாருக்குத் தலைவாரி விட்டவர் பெயர்கூட இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து இசைக்குறிப்புத் தாளைப் புரட்டிக் கொடுத்த என் மகள் பெயரை மட்டும் காணோம். என் பூட்டு ரிப்பேர் கடையில் பூட்டுக்குள் பார்க்கிற லென்ஸை வைத்துக்கூடத் தேடிவிட்டேன். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்றைய சமையலில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

கூட வைத்திருந்த சீட்டையும் படித்தோம். இரண்டாவது உருப்படியான கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியைக் கேட்காதீர்கள், அதில் நான் தாளைச் சத்தமாகப் புரட்டிவிட்டேன், அந்த அம்மையார் வாசித்ததிலேயே அதுதான் நன்றாக அமைந்தது என்று அப்படியே விட்டுவிட்டார்கள், மானமே போயிற்று, அடுத்த பதிவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வர முடியாது என்று சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நாங்கள் என்ன சாமியார்களா? சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பிளேயரை நடுவில் வைத்து உட்கார்ந்துவிட்டோம்.

நான் கை தவறி ஒரு வேகமான பகுதியை ஓடவிட்டேன். யாரோ பெரிய சாவிக்கொத்தைத் தாளம் தவறாமல் குலுக்குகிற மாதிரி இருக்கிறதே என்றேன், அம்மா முறைத்தாள். பிறகு உன்னுடையது வந்தது. வயலின்கள் எல்லாம் அடங்கிப்போய், அடியில் செல்லோ என்கிற பெரிய வயலின் மட்டும் நடக்க, ஹார்ப்சிகார்ட் ஏதோ யோசனையில் மெல்லப் போகிறது. பூட்டுக்குள் லீவர் விழுவதைக் காதால் கேட்டே முப்பது வருஷமாகத் திறக்கிறவன் நான், எனக்கா தெரியாது என்று குனிந்து கேட்டேன். ஒரு நாற்காலி முனகியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த மூக்குக்காரருக்கு உறையில் பெயர் இருக்கிறது, உனக்கு மட்டும் மானம் போகிறதாம்! தாளை மட்டும் காணோம். மூன்றாம் தடவை போட்டபோது அம்மா சட்டென்று கையைத் தூக்கி, "இதோ, வந்துட்டா" என்றாள்.

இழுபட்ட ஒரு சரசரப்பு, அதன் மேல் மெத்தென்று ஒரு தட்டு. பள்ளிக்கூட நாளிலேயே நீ தாளைப் புரட்டியதும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி அடக்குவாயாமே. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து தபாலாபீஸ் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்கிறாள். நேற்று மாடி வீட்டுப் பல் டாக்டர் வந்தவர், இந்தச் சத்தத்தை நீக்கியிருக்கலாமே என்று சொல்லிவிட்டார். அம்மா அவரிடம், "மத்தவங்கல்லாம் வாசிக்கிறாங்க டாக்டர், இவ ஒருத்திதான் வீட்டுக்கு வந்துட்டுப் போறா" என்றாள். நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதனால் முடியாது என்று சொல்லாதே, போ. சத்தமில்லாமல் புரட்டப் பழகு, தொழில் என்றால் அப்படித்தான். வெயிலில் குடை இல்லாமல் அலையாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே: அடுத்த சிடியிலும் எங்காவது ஓரிடத்தில், யாருக்கும் தெரியாமல், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு தட்டு தட்டிவிடு.

இப்படிக்கு,
காது தோற்றுப்போன உன் அப்பா