கேசட்டில் நாலாவது நிமிடம்

மரக்காணம்
19.2.2006

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் உன் தொண்டையும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம் என்று மட்டும் எழுதினால் நர்ஸாகிய நீ நம்ப மாட்டாய், ஆகவே சென்ற செவ்வாயன்று திண்டிவனத்தில் பார்த்த அளவையே எழுதிவிடுகிறேன், இரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு, சர்க்கரை இல்லை. காலையில் ஒரு தரம் சோறு வடித்தால் இரண்டு வேளைக்கு ஆகிறது. ஒன்பதாம் தேதி அம்மாவுக்கு ஆறாம் மாத நினைவுத் திருப்பலி வைத்தோம், நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அவள் தையல் மெஷின் நீ பார்த்த இடத்திலேயே இருக்கிறது, ஊசியில் கறுப்பு நூல் கோத்தது கோத்தபடி. அதை எடுக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, இருக்கட்டும் என்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வேலையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் பாட்டுக்கே என்று முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உனக்கு முப்பத்திரண்டு வயது, யோசிக்காமல் செய்திருக்க மாட்டாய். கோவில் பாடற்குழுவில் கிடாரின் ஆறு தந்தியில் நாலுதான் இருந்தபோதும் அதை வைத்துக்கொண்டு நீ சொந்தமாக மெட்டுக் கட்டியவள். சென்னையிலிருந்து சினிமாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டபோது என் வரியை நான்தான் பாடுவேன் என்று மறுத்தாய், முதல் இரண்டு இசை வட்டையும் நீயே பதிந்து, நீயே உறை ஒட்டி, பையில் தூக்கிப்போய்க் கொடுத்தாய். லண்டனில் சாராயக்கடை மாடியில் பாடுகிறாய் என்பதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் லைப்ரரியில் பாடுது என்றே சொல்லிவந்தாள், சாகும்வரை அதை மாற்றவில்லை. பனியில் நடக்கும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.

இனி நீ கேட்ட விஷயம். அம்மா அடக்கத்தன்று நீ பதிந்த, உப்பளத்து அஞ்சம்மாளின் ஒப்பாரியைப் புது வட்டில் கடைசிப் பாட்டாக வைக்க வேண்டும், மேடையிலும் அதைப் பாட வேண்டும், அவள் சம்மதமும் என் சம்மதமும் இல்லாமல் வைக்க மாட்டேன், ஈஸ்டருக்குள் பதில் வேண்டும் என்று எழுதி, கேசட்டும் அனுப்பியிருந்தாய். நாலாவது நிமிடத்தில் ஏதோ சத்தம் விழுந்திருக்கிறது, அதை வெட்டிவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அவள் கேட்காததை நான் முதலில் கேட்கக் கூடாது என்று வைத்திருந்து, போன வியாழக்கிழமை காலை டேப் ரெக்கார்டரை சைக்கிளில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதுமே அவள் கையை நீட்டித் தடுத்தாள். "இன்னா சார் நீங்க, சாவு விழாத வூட்ல அதைப் போடக் கூடாது சார், வெளியில போயிடலாம்" என்று முன்னால் நடந்தாள்.

உப்பளத்தில் மழைச் சேறு வற்றி இப்போதுதான் பாத்தித் தரையை இறுக மிதிக்கிறார்கள். வரப்பில் டேப்பை வைத்தேன். மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களில் மூன்று பேர் காலில் அம்மா தைத்துக் கொடுத்த தடித்துணி உறை. ஞானாம்பாள் மட்டும் "அஞ்சம்மா, ஃபாரின்ல ஒன் மூஞ்சி வருமா, கொரலு மட்டும்தானா" என்று கேலி செய்தாள். பாட்டு ஓடியது. அஞ்சம்மாள் யாரோ பாடுவதைக் கேட்பதுபோல் கேட்டாள். நாலாவது நிமிடத்தில் பாட்டை மறித்துக்கொண்டு ஓர் ஆண் குரல், "உன் பேரு அஞ்சம்மாதானே, வயசு என்ன?" என்று கேட்டது. அம்பத்திரண்டு இருக்கும் சார் என்று அவள் பதில் சொல்வதும் மூக்கைச் சிந்துவதும் கேட்டன.

அது என் குரல். அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து அந்த நாளின் குறிப்பேட்டைப் பார்த்தேன், அஞ்சம்மாள், அடைப்புக்குறிக்குள் ஐம்பத்திரண்டு, என் கையெழுத்துத்தான். நிருபராக முப்பத்தொரு வருடம் பெயருக்குப் பின்னால் வயதைக் கேட்டவன், சுனாமி அலை வந்த அந்த மாதம் முழுக்கச் செத்தவர்களின் பெயரும் வயதும் தவிர வேறெதையும் எழுதாதவன், என் மனைவியின் ஐஸ் பெட்டி அருகிலும் அதையே கேட்டிருக்கிறேன். அந்த நேரம் நீ ரெக்கார்டரைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன், உனக்கும் அழுகை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாயோ. சத்தம் என்று மட்டும்தான் எழுதினாய்.

ஞானாம்பாள் "சார் அன்னிக்கே பேட்டி எடுத்துட்டாரு" என்றாள். சும்மாருடீ என்று அஞ்சம்மாள் அவளை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதுவரைக்கும் எல்லா சாவுலயும் பாடுறதைத்தான் சார் பாடிக்கினு இருந்தேன். நீங்க வயசு கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. இந்த ஆளு பொண்டாட்டிக்கு அழ மாட்டேன்றான், நாமளாவது மேரியம்மாவுக்குன்னு ஒண்ணு பாடுவோம்னு பாடுனேன். முன்ன எங்கயும் பாடுனதில்ல சார் அது." அந்த வரிகளிலிருந்துதான் நீ இந்தப் பாட்டுக்குத் தலைப்பு எடுத்திருக்கிறாய்: உப்பு அறுத்த காலுக்கெல்லாம் உறை தச்ச உத்தமியே, ஐசுப் பொட்டிக் குளுருல நீ வெறுங்காலாப் படுத்தியே. நான் பெட்டியருகே இரண்டு மணி நேரம் நின்றவன், அவள் காலைப் பார்க்கவில்லை.

அஞ்சம்மாள் சம்மதித்துவிட்டாள். "பாப்பா எங்க வேணா பாடட்டும், குடியிருக்கிற வூட்ல மட்டும் பாடிப் பழகக் கூடாது" என்பது அவள் நிபந்தனை. உன் ஒற்றை அறையில் வைத்துப் பழகாதே, பக்கத்தில் பார்க் இருப்பதாக எழுதியிருந்தாயே, அங்கே போ. என் சம்மதமும் உண்டு. ஆனால் நாலாவது நிமிடத்தை வெட்டாதே. என்னைக் காப்பாற்ற வெட்ட நினைத்தாய் என்று புரிகிறது. வெட்டினால் அடுத்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாமல் போகும், அது பிழையான செய்தி. நான் இன்னும் அழவில்லை. அதுவும் உள்ளபடிதான் எழுதுகிறேன்.

உன் பாட்டையும் உன் கையையும் தேவன் ஆசீர்வதிப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. வட்டின் உறையில் அஞ்சம்மாள் பெயரை முதலில் போடு. கேள்வி கேட்டவர் பெயரும் போட வேண்டும் என்றால் கீழே உள்ளபடி போட்டுக்கொள்.

உன் அப்பா
சகாயநாதன் (63)